கடல்மீன் தொட்டியும் ‘சாகாத’ மீனும்



கல்முனைக் கரையில் வாழ்வோர்க்குக் கடலைப்பற்றி எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று வரையும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தாலே அலையோசை காதில் விழும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதிக்குப் பின்னர் அவ்வோசையைக் கேட்கும் செவிகள் முன்போல் இல்லையெனினும், கடலை விட்டு இக்கரை மக்கள் விலகிவிடவில்லை. எனினும் நம்மவருட் பெரும்பாலோர் கடலை அறிவது கரைவலை கொண்டுவந்து கொட்டும் மீனாலேயே. நீருக்கடியில் அம்மீன்கள் எவ்வாறு குடியிருக்கின்றன, எவ்வாறு சண்டையிடுகின்றன, முட்டையை யார் காக்கின்றார் என்பனவற்றைக் கண்ணாற் கண்டோர் சுழியோடிகள் மட்டுமே.

அந்தக் காட்சியை வீட்டு மண்டபத்துக்குக் கொண்டுவரலாம் என்னும் ஆசை இப்பொழுது இளைஞர் பலரிடம் பிறந்திருக்கின்றது. நன்னீர் மீன்களை வளர்த்துப் பழகியவர், அடுத்த படியாகக் கடல்நீர்த் தொட்டியொன்றை அமைக்க விரும்புகின்றனர். முதன்முதலில் எந்த மீனை வாங்குவது என்று வினவினால், விற்பவர் தயங்காது கூறும் விடை ஒன்றுண்டு. ‘டெம்சல் வாங்குங்கள், விலையும் குறைவு, இலகுவிற் சாகாது’ என்பர். இலகுவிற் சாகாது என்னும் இச்சொல்லை நம்பித் தொட்டி வைத்தோர் பலர். அச்சொல்லின் பொருள் யாது என்பதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

டெம்சல் என்பது ஒரு மீனின் பெயரன்று. பெருங் குடும்பமொன்றின் பெயர். உலகக் கடல்களில் ஏறத்தாழ நானூறு இனங்கள் இக்குடும்பத்தில் உள்ளன. கடற்சாமந்தியின் நச்சுக் கைகளுக்கிடையே அஞ்சாது வாழும் கோமாளி மீனும் இக்குடும்பத்ததே. தொட்டிக்காக விற்கப்படுவனவற்றுள் இருவகையை நம் நாட்டுக் கடலிலேயே காணலாம். ஒன்று, கரிய உடலில் நெற்றியில் ஒரு வெண்பொட்டும் இருபுறமும் ஒவ்வொரு வெண்பொட்டுமாக மூன்று பொட்டுகளைக் கொண்டது. மற்றது, வெண்ணிற உடலிற் கரும்பட்டைகள் மூன்று குறுக்கே ஓட, மருதமுனைத் தறியில் நெய்த சாரத்தின் துண்டொன்று நீந்துவதுபோல் தோற்றமளிப்பது. நீலமும் மஞ்சளுமாக மின்னும் வேறு சில இனங்கள் கிழக்காசியக் கடல்களிலிருந்து வருகின்றன. கடையிற் காணும்போது இவை ஓர் அங்குலத்துக்கு மேற்படா. மூன்று பொட்டு மீனோ வளர்ந்தால் ஓர் உள்ளங்கையை மறைக்கும். அப்போது பொட்டுகளும் மங்கிவிடும். அங்குல மீனை வாங்குவோர் அவ்வுள்ளங்கை மீனுக்கும் இடம் ஒதுக்கவேண்டும் என்பதை எவரும் அவர்க்குச் சொல்வதில்லை.

இம்மீன்கள் நம் ஊர்க் கரைவலையில் அருமையாகவே அகப்படும். கல்முனைக் கரை மணற்கரை. அலை ஓங்கி அடிக்கும் கரை. டெம்சல்களோ முருகைக்கற்களை வீடாகக் கொண்டவை. வடக்கே பாசிக்குடா, காயாங்கேணி, அதற்கப்பால் திருகோணமலையின் புறாத்தீவு முதலிய இடங்களில் முருகைக்கற் பாறைகள் உள்ளன. கோடு போட்ட சிறு டெம்சல், கிளைவிட்டு நிற்கும் முருகைக்கல் ஒன்றைக் கூட்டமாகப் பற்றிக்கொள்ளும். ஆபத்து நேர்ந்தால் கூட்டம் முழுவதும் ஒரே கணத்திற் கிளைகளுக்குள் ஒடுங்கிவிடும். மூன்று பொட்டு மீனின் குஞ்சோ கடற்சாமந்தியினிடையே கோமாளி மீனுடன் ஒண்டுக் குடித்தனம் நடத்தும்.

இனி, ‘சாகாது’ என்னும் சொல்லுக்கு வருவோம்.

மீன் உண்கின்றது, உண்டதன் கழிவை அமோனியாவாகப் பெரும்பாலும் செவுள்களின் வழியே நீரில் விடுகின்றது. கடலில் அது கணத்திற் கரைந்து மறைந்துபோம். நாற்புறமும் அடைத்த கண்ணாடித் தொட்டியில் அது போக இடமில்லை. அமோனியா மீனுக்கு நஞ்சு. நன்னீர்த் தொட்டியிலும் இது நிகழ்வதுதானே என்று சிலர் கேட்கலாம். நிகழ்வதுதான், ஆனால் கடல்நீரின் காரத்தன்மை மிகுதி. கடல்நீரின் பீ.எச். பெறுமானம் 8.2 அளவில் நிற்கும். 7.2 அளவுள்ள நன்னீரோடு ஒப்பிட்டால், அதே அளவு அமோனியாவில் நஞ்சாக நிற்கும் பங்கு கடல்நீரில் ஏறத்தாழ எட்டுப் பத்து மடங்காகும். ஆகவே நன்னீரிற் பெற்ற அனுபவம் இங்கே முழுத்துணை ஆகாது.

இந்நஞ்சை நீக்கும் வேலையாட்கள் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள். ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். மற்றொரு கூட்டம் நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்று அவ்வளவு கொடியதன்று. இடையிடையே நீரின் ஒரு பகுதியை மாற்றி அதனைக் குறைத்துவிடலாம். இவ்விரு கூட்டங்களும் புதுத்தொட்டியின் மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும். அந்த ஆறு வாரமும் தொட்டியைப் பார்த்தால் தெளிந்த நீர். உள்ளே நஞ்சு ஏறியிறங்கிக்கொண்டிருக்கும்.

பொறுமையில்லாதவர்க்கு ஒரு குறுக்குவழி சொல்லப்பட்டது. அந்த ஆறு வாரமும் இரண்டு மூன்று டெம்சல்களை உள்ளே விடுங்கள். அவற்றின் கழிவே பற்றீரியாக்களுக்கு உணவாகும். அவை தாக்குப்பிடித்தால் தொட்டி தேறிற்று என்று கொள்ளுங்கள் என்பது அவ்வழி. நெடுங்காலமாக மேனாட்டு நூல்களும் இதனைச் சாதாரண முறையாகவே கூறிவந்தன. டெம்சல் தாக்குப்பிடிப்பது உண்மை. மற்றை மீன்கள் மடியும் அளவு அமோனியாவிலும் அது சில நாள் நிற்கும். ஆனால் அந்த நாட்களில் அதன் செவுள் புண்படுகின்றது, மூச்சு வேகமாகின்றது, உணவை மறுத்து மூலையில் நிற்கின்றது. சிலவேளை மடிந்தும்போகின்றது. மடிந்தால் வேறொன்று வாங்கலாம், விலை குறைவு. இக்குடும்பத்துக்குச் சாகாத மீன் என்னும் பெயரைத் தந்தது அதன் வலிமை பாதி, விலை பாதி என்றே நான் கருதுகின்றேன். விலையுயர்ந்த மீன் மடிந்தால் வீட்டிலே பேச்சாகின்றது. மலிந்த மீன் மடிந்தால் எவரும் பேசுவதில்லை.

இம்முறைக்குத் தேவையே இல்லை. நம்மூரில் இறாலுக்குப் பஞ்சமா? சமைக்காத இறால் ஒன்றை உரித்து, அதில் ஒரு துண்டை வெறுந்தொட்டியில் இட்டுவிடுங்கள். அது அழுகும்போது எழும் அமோனியாவே பற்றீரியாக்களுக்கு விருந்து. சிறிது நாற்றம் எழும், வீட்டிலுள்ளோர் முணுமுணுப்பர், அதைப் பொறுக்கத்தான் வேண்டும். சோதனைப் பெட்டி கொண்டு சில நாளுக்கொருமுறை நீரைச் சோதித்தால், முதலில் அமோனியா ஏறும். பின்னர் அது இறங்க நைத்திரைற்று ஏறும். அதன் பின் இரண்டும் இல்லாதொழியும். இரண்டும் இன்மை என்று காட்டி, நைத்திரேற்று மட்டும் தோன்றும் நாளே மீன் வாங்கும் நாள். ஓர் உயிரையும் பணயம் வையாமல், ஓர் இறாற் துண்டால் முடியும் காரியம் இது.

நீரைப்பற்றியும் சிறிது சொல்லவேண்டும். கடல் வாசலில் இருக்க நீருக்கு எங்கே போவது என்று தோன்றும். கரையில் நின்று வாளியில் அள்ளிய நீர் எக்காலமும் உதவாது. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு வரும் மழையால் வயல்நீரும் ஆற்றுநீரும் கடலில் வந்து விழுகின்றன. நமக்கு வடக்கே கல்லாற்றில் மட்டக்களப்பு வாவியின் ஒரு வாய் கடலோடு கூடுகின்றது. இவ்வாறான வாய்கள் திறந்திருக்கும் காலத்திற் கரையோர நீரின் உப்பு குறையும். கலங்கலும் வயலுக்கிட்ட பசளையும் கிருமிநாசினியும் அதிற் கலந்து வரும். கச்சான் வீசும் காலத்தில், கடல் தெளிந்திருக்கும்போது, தோணியில் அலைவாய்க்கு வெளியே சென்று எடுத்த நீரே ஏற்றது. அதனையும் மூடிய கலன்களில் இருட்டில் இரண்டு மூன்று வாரம் வைத்து, அடியிற் படிந்ததை விட்டு மேல்நீரை வடித்துக்கொள்ளல் வேண்டும்.

சமையல் உப்பைக் கரைத்தாற் கடல்நீர் ஆகாதா என்று கேட்பாரும் உளர். ஆகாது. கடலுப்பில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கே சோடியமும் குளோரைட்டும். எஞ்சியன மகனீசியம், சல்பேற்று, கல்சியம், பொற்றாசியம் முதலியன. உப்பளத்திற் சோற்றுப்பு படியும்போது மற்றவை பெரும்பாலும் மிஞ்சிய கைப்புநீரோடு போய்விடுகின்றன. மீனுக்கு அவையும் வேண்டும். கடல்நீர் எடுக்க வசதியற்றோர் இதற்கென விற்கப்படும் உப்பையே வாங்கவேண்டும்.

நீரின் உப்பளவைக் காட்ட நீரமானி என்னும் மிதக்குங் கருவியொன்று உண்டு. அதன் அளவு 1.023 முதல் 1.025 வரை நிற்கவேண்டும். நாட்செல்லத் தொட்டியில் நீர் குறையும்போது, பலர் மீண்டும் கடல்நீரையே ஊற்றுகின்றனர். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே இருக்கின்றது. ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரே ஊற்றவேண்டும். குழாய்நீராயின் அதிலுள்ள குளோரீன் நீங்க ஒரு நாள் திறந்து வைத்த பின்னர் ஊற்றலாம். கரையோரக் கிணற்று நீரை ஆராயாமற் சேர்த்தல் ஆகாது. சுனாமி புகுந்த பின் அக்கிணறுகள் உவர்ப்பேறிக் கிடந்ததை இவ்வூரார் மறந்திரார்.

தொட்டி மூன்று அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்டதாயின் ஏறத்தாழ 190 லீற்றர் பிடிக்கும். சிறிய தொட்டியே தொடக்கக்காரர்க்கு எளிது என்பது தவறான எண்ணம். நீர் குறையக் குறைய நஞ்சும் வெப்பமும் விரைந்து ஏறும். இத்தொட்டியின் நீர்ப்பாரம் மட்டும் மூன்று நெல் மூடைக்குச் சமம். மேசையைப் பார்த்து வையுங்கள். உள்ளே கல் வேண்டும் என்பதற்காக உயிருள்ள முருகைக்கல்லைப் பெயர்த்து வருதல் சட்டப்படி குற்றம். உடைந்த மட்பாண்டங்களும் நன்கு கழுவிய கருங்கல்லும் போதும். பூச்சுப் பூசாத சட்டியொன்றைக் கவிழ்த்து வாயில் வெட்டிக் கொடுத்தால் டெம்சல் அதை மாளிகையாகக் கொள்ளும்.

அம்மாளிகையினாலேயே தொல்லையும் தொடங்குகின்றது. டெம்சல் தன் எல்லையைக் காப்பதில் நிகரற்றது. சில இனங்கள் கடலடியில் ஒரு முழ நிலத்தைத் தமதாக்கி, அதிற் பாசியைப் பயிராக வளர்த்து, மேய வரும் பெரிய மீன்களையும் விரட்டும். நீருக்குள் மூழ்கும் மனிதனின் விரலைக்கூடக் கொத்த வரும். முருகைக்கல்லில் வாழும் கோடு போட்ட டெம்சற் கூட்டத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. பெரியது ஆண், அதற்கடுத்தவை பெண்கள், குஞ்சுகள் கடைநிலை. ஆண் மறைந்துவிட்டால், பெண்களுட் பெரியது சில வாரங்களில் ஆணாக மாறிவிடும். கோமாளி மீனிலோ இது தலைகீழ். அங்கே பெண்ணே பெரியது, அது மறைந்தால் ஆண் பெண்ணாகும். முட்டை இட்டபின் அதற்கு விசிறிக் காவல் இருப்பது இரு சாராரிலும் பெரும்பாலும் தந்தையின் கடமை. இக்குடும்பத்து மீன்கள் ஒலியும் எழுப்பும். கோமாளி மீன் தாடையை விரைந்து மூடிப் பற்களை மோதவிட்டு அவ்வொலியை எழுப்புகின்றது என்பதை ஆய்வாளர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இரவில் வீடு அடங்கிய பின் தொட்டியருகே செவிகொடுத்திருப்பவர்க்குச் சிலவேளை அவ்வொலி கேட்கும்.

இத்தகைய மீனை முதலில் விட்டால் நேர்வது யாது? தொட்டி முழுவதும் அதன் எல்லையாகிவிடும். பின்னர் வரும் சாதுவான மீன் ஒவ்வொன்றையும் அது துரத்தித் துரத்தி வாலைக் கிழிக்கும். பலிக்கென்று வாங்கிய மீன் தொட்டிக்கு முதலாளியாகிவிடுகின்றது! அதைப் பிடித்து வெளியேற்ற வேண்டுமாயின் கற்கள் அத்தனையையும் எடுக்கவேண்டும். ஆகவே சாதுவான மீன்களை முதலிலும் டெம்சலைக் கடைசியிலும் விடுதல் வேண்டும். இரண்டாக வாங்குதல் ஆகாது. ஒன்று மற்றதைக் கொன்றுவிடும். ஒன்றாக இருக்கட்டும், அல்லது தொட்டி பெரிதாயின் சிறியனவாக ஐந்தாறு இருக்கட்டும், அடி பலருக்கும் பங்காகிப் போம். புதியது ஒன்றை விடும் நாளிற் கற்களை இடமாற்றி வைத்தாற் பழைய எல்லைகள் குலைந்து, எல்லாரும் ஒருமித்துப் புதுக்குடியேறியோராவர்.

இம்மீன் நம்மிடம் வரும் வழியையும் சிறிது எண்ணிப் பார்ப்போம். உலகிற் கடலலங்கார மீன் வணிகத்தில் ஆண்டொன்றுக்கு இரண்டு கோடிக்கு மேற்பட்ட மீன்கள் கைமாறுவதாகவும், அவற்றில் ஏறத்தாழ அரைவாசி டெம்சற் குடும்பத்தனவே எனவும் 2003ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சுற்றாடற் சபையின் அறிக்கையொன்று கணித்தது. இலங்கையும் இவ்வணிகத்திற் பழைய நாடு. ஆதர் சி. கிளாக்குடனும் மைக் வில்சனுடனும் நம் கடல்களில் மூழ்கிய ரொட்னி ஜொங்கிளாஸ் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். கடல்மீன் சேகரிக்கும் முறையை விளக்கி 1975இல் நூலொன்றும் வெளியிட்டார். மழைக்காற்று மாறுவதற்கேற்பச் சுழியோடிகள் வாடைக்காலத்தில் தெற்குக் கரையிலும் கச்சான் காலத்திற் கிழக்குக் கரையிலும் தொழில் செய்கின்றனர். கைவலையால் ஒவ்வொன்றாகப் பிடிப்பவரால் கடலுக்குக் கேடு சிறிது. முருகைக்கல்லின்மேல் ‘மொக்சி’ வலையைக் கவிழ்த்து, ஒளிந்த மீன் வெளிவரக் கல்லை உடைப்பவரால் வருவது பெருங்கேடு. மீனின் வீடும் உடன் போகின்றது. அவ்வலையைச் சட்டம் தடைசெய்துள்ளது. 1998இல் கடல் வெம்மையேறி இலங்கையின் முருகைக்கற்கள் பெருமளவு வெளிறி மடிந்தன. எஞ்சியதையும் வலையால் உடைப்பது எந்தத் தொழிலாளிக்கும் நாளைய பிழைப்பைத் தராது.

இங்கிலாந்தில் நடந்ததையும் கூறலாம். பிலிப் ஹென்றி கொஸ் என்பவர் 1854இல் கடல்நீர்த் தொட்டியைப்பற்றி எழுதிய நூல் அந்நாட்டையே அவ்விருப்பத்தில் ஆழ்த்தியது. கூடையோடு கரைக்குச் சென்றோர் பாறைக் குட்டைகளை வழித்தெடுத்தனர். அக்குட்டைகள் வெறுமையானதை அவருடைய மகன் எட்மண்ட் 1907இல் எழுதிய நூலில் வருந்திக் குறிப்பிட்டார். தந்தை அழகைக் காட்டத்தான் எழுதினார் என்பது நினைக்கத்தக்கது.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. நமக்கு எதிர்க்கரையில், தமிழ்நாட்டு மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் மூன்று பொட்டு டெம்சலையும் கோடு போட்ட டெம்சலையும் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்த்திருக்கின்றனர். கோமாளி மீனைவிட இது கடினம். டெம்சலின் குஞ்சு பொரிக்கும்போது மிக நுண்ணியது. மூன்று வாரத்துக்கு மேல் நீரில் மிதந்து திரிவது. அதன் வாய்க்கேற்ற நுண்ணுயிரைத் தனியே வளர்த்து ஊட்டவேண்டும். ஆயினும் முடிகின்றது. தொட்டியிற் பிறந்த மீன் கிடைக்குமாயின், சிறிது விலை கூடினும் அதனையே வாங்குதல் நன்று. கடல்நீரும் வெப்பமும் இறாலும் இயற்கையாகவே வாய்த்த நம் கரையில் இக்கைத்தொழிலை இளைஞர் பயிலலாகாதா என்பதும் என் எண்ணம்.

வீட்டு நிலைமைக்கேற்ற சில எச்சரிக்கைகள். நீர் 26 முதல் 28 பாகை வரை இருத்தல் நலம். கச்சான் வீசும் நாளில் மேற்குச் சன்னலருகேயுள்ள தொட்டி முப்பதைத் தாண்டும், ஒட்சிசனும் குறையும். நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறியைத் திருப்பிவிட்டால் ஓரிரு பாகை தணியும். காற்றுப் பம்பி அறையின் காற்றையே நீருள் செலுத்துகின்றது. நுளம்புச் சுருளைத் தொட்டியருகே கொளுத்தாதீர்கள். டெங்குக்குப் புகையூட்ட வருவோர் தெருவில் வந்தால் பம்பியை நிறுத்தித் தொட்டியைத் துணியால் மூடிவிட்டு, புகை அடங்கியபின் மீண்டும் இயக்குங்கள். 2022ஆம் ஆண்டு மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டதை யாவரும் அறிவோம். மின்கலத்தில் இயங்கும் சிறு பம்பியொன்றை வாங்கி வைத்திருங்கள். வளர்க்க இயலாதுபோன மீனைக் கடலிலோ வாவியிலோ விடாதீர்கள். வேற்றுக்கடல் மீனையும் அதன் நோயையும் அங்கே சேர்ப்பதாகும். வேறொரு வளர்ப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

ஆறு வாரம் கழிந்து, நீர் தேறியபின், சாதுவான மீன்களுக்கு முதலில் இடங்கொடுத்து, கடைசியாக டெம்சலை வாங்கி வாருங்கள். பையைப் பிரியாமற் கால்மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டுப் பின் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையிற் சேருங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்றாமல் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். மஃரிபுக்குப் பின் தொட்டி விளக்கை ஏற்றவேண்டாம். வந்தது உடனே சட்டிக்குள் மறையும், மறையட்டும். பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டாமற் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றிரவு உணவு வேண்டாம். விடிந்தபின் அது வாயிலில் வந்து நின்று உங்களை நோட்டமிடும்போது, நகக்கண் அளவு நறுக்கிய இறால் ஒரு துணுக்கை இடுங்கள்.